வெயிலே, வாசலோடு நில்!

ராஜபாளையம் நாயை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. 2005-ல் தபால் தலையிலேயே இடம் பிடித்த வி.ஐ.பி.! அதன் உத்தியோகம் என்ன? வேற்றாளை வாசலிலேயே நிறுத்துவது. திருடனை ஹால் வரைக்கும் வரவிட்டு, சோபாவில் உட்கார வைத்துவிட்டு, அப்புறம் குரைக்கிற நாயை யாராவது சோறு போட்டு வளர்ப்போமா?

ஜன்னல் விஷயத்தில் நாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம் ஸார்.

எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, ராஜபாளையத்தில் வேலை. நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் பஸ் பிரயாணம். வழியில் பழைய வீடுகளின் முன்னால் சுருட்டிக் கட்டிய மூங்கில் தட்டி இன்னும் அங்கங்கே கண்ணில் படும். புதுக் கட்டடங்களில்? மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதற்கு உள்பக்கம் வரிசையாக 'பிளைண்ட்'. வெளியே மேற்குத் தொடர்ச்சி மலை ஜம்மென்று நிற்கிறது, பார்க்கத்தான் முடியாது. சாயங்காலம் நாலு மணிக்கு ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தால், முதுகில் தோசை வார்க்கலாம்!

இந்த பிளைண்ட் எங்கிருந்து வந்தது என்று துருவ ஆரம்பித்தேன். பட்டை பட்டையாக அடுக்கி, கயிற்றை இழுத்தால் சாய்கிறதே, அதற்கு இங்கிலீஷில் 'வெனிஷியன் பிளைண்ட்'. அப்படியானால் வெனிஸ் நகரத்துச் சரக்கா? பிரெஞ்சுக்காரர்களைக் கேட்டால், பட்டை வைத்த ஜன்னல் கதவை 'பெர்சியென்' என்கிறார்கள். அதாவது, பாரசீகத்துச் சரக்கு! ஆபீஸ் ஃபைல் மாதிரி ஆளாளுக்கு அடுத்த டேபிளுக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். 1769-ல் லண்டனில் இதற்கு ஒருவர் பேட்டண்ட் வாங்கினார். 1841-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த ஜான் ஹாம்ப்ஸன், பட்டைகளை வேண்டிய கோணத்தில் சாய்த்து நிறுத்த வழி செய்தார். 1864-ல் ஸ்டூவர்ட் ஹார்ட்ஸ்ஹார்ன், ஸ்பிரிங் வைத்துச் சுருட்டும் ரோலரைக் கொண்டு வந்தார்.

'நம்ம ஆட்கள் சும்மாவா இருந்தார்கள்?' என்று கேட்பீர்கள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் புரட்டுங்கள். மாதவி ஆடும் மேடைக்கு மூன்று வகைத் திரை. ஒரு பக்கமாக இழுப்பது ஒருமுக எழினி. இரண்டு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேர்வது பொருமுக எழினி. மேலே மறைந்திருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. இன்றைக்குக் கர்ட்டன் கடைக்குப் போனாலும் ஏறக்குறைய இதே மூன்றைத்தான் காட்டுவார்கள். பில் மட்டும்தான் புதுசு!

ஜன்னல் என்ற சொல்லே நம்முடையது இல்லை. சாவி, அலமாரி மாதிரி போர்த்துக்கீசியர்கள் விட்டுப் போனது. நம் பழைய சொல் 'காலதர்'. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. இங்கிலீஷ் 'விண்டோ'வும் பழைய ஸ்காண்டிநேவிய மொழியில் 'காற்றின் கண்' என்ற பொருளில் பிறந்ததுதான். ஆக, காற்று வரத்தான் ஜன்னல். நாமோ காற்றை வெளியே நிறுத்திவிட்டு, வெயிலை உள்ளே கூப்பிடுகிறோம்.

இங்கே ஆள வந்த வெள்ளைக்காரனுக்கு இது சீக்கிரமே புரிந்துவிட்டது. கோட்டையும் டையையும் விடவில்லையே தவிர, ஜன்னலுக்கு நம்ம ஊர் தட்டியைத்தான் தேடினான். 1886-ல் வெளியான 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதியில் மூங்கில் 'சிக்'கும் வெட்டிவேர் 'டாட்டி'யும் தனித்தனி சொற்களாகவே ஏறிவிட்டன. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல், தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். வெயிலிலும் அனுபவஸ்தர்!

போன சித்திரையில் எங்கள் வீட்டு மேற்கு அறைக்குத் திரை வாங்கலாம் என்று கிளம்பினேன். ரிட்டையரான அப்பாவுக்கு அந்த அறைதான். மத்தியானம் கண்ணை மூட முடியாமல், விசிறியோடு திண்ணைக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டிருந்தார். ரோட்டோரம் தட்டி கட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன்.

"உள்ள மாட்டவா, வெளிய மாட்டவா தம்பி?" என்றார்.

"உள்ளேதான் ஐயா. பார்க்க அழகா இருக்கும்."

"வெயிலை உள்ள கூட்டியாந்து உக்கார வச்சுட்டு, அப்புறம் போன்னா போகுமா? வாசல்லயே நிப்பாட்டணும் தம்பி!"

பெரியவர் சொன்னது சத்தியமான பௌதிகம். வெயில் கண்ணாடி வழியாகச் சுலபமாக உள்ளே வந்துவிடும். உள்பக்கத் திரையில் பட்டு, அதைச் சூடாக்கும். அந்தச் சூடு வேறு வகைக் கதிராக வெளிப்படுகிறது. அது கண்ணாடியைத் தாண்டிப் போகாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் ஏறியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். வெள்ளை பிளைண்ட் கொஞ்சம் வெயிலைத் திருப்பி அனுப்பும், மிச்சம் அறைக்குள்தான். தட்டியோ வெளியிலேயே சூடாகி, அந்தச் சூட்டைத் தெருக்காற்றில் விட்டுவிடுகிறது. இடுக்கு வழியாக அறைக்குக் காற்றும் வரும்.

தட்டி வெட்டிவேரானால் இன்னும் விசேஷம். தண்ணீர் தெளித்தால் வாசனை இலவசம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் ஆவியானால் உறிஞ்சும் வெப்பம், ஒரு டன் ஏ.சி. அதே நேரத்தில் வெளியேற்றும் வெப்பத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஒரே நிபந்தனை, காற்று வறண்டிருக்க வேண்டும். மலையடிவாரத்து வறண்ட கோடைக்குப் பொருந்தும். புழுங்கும் சென்னையில் அவ்வளவு எடுபடாது.

தட்டியை வெளியே கட்டினோம். ஆனி ஆடிக் காற்று தூக்கிக்கொண்டு போகாமல் கீழ் முனைகளுக்கும் கயிறு. அறை ஊட்டி ஆகிவிடவில்லை. ஆனால் ஃபேன் அனல் கக்குவது நின்றது. மூன்றாம் நாள் மத்தியானம் அப்பாவின் குறட்டை கேட்டது. அம்மா, "சத்தம் போடாதீங்கடா" என்று எங்களை விரட்டினாள்.

பெரியவருக்குத்தான் கவலை. "இப்பல்லாம் யாரு தம்பி வீட்டுக்குக் கேக்குறாங்க? என் பயலே மில் வேலைக்குப் போயிட்டான்" என்றார். நாம் கேட்டால்தானே அவர் கை ஓடும்? மொட்டைமாடி ரூமில் வேகும் பேச்சிலர் சகோதரர்களே, அடுத்த கோடைக்குள் ஒன்று வாங்கிக் கட்டுங்கள். கரண்ட் பில்லும் கொஞ்சம் மூச்சு விடும்.

பிளைண்ட் வேண்டவே வேண்டாமா? கண் கூசாமல் கம்ப்யூட்டரைப் பார்க்க, அது தேவைதான். இன்னொரு உபயோகமும் உண்டு. பிரெஞ்சில் இதற்கு 'ஜலூஸி' என்றும் ஒரு பெயர். அர்த்தம், பொறாமை! வெளியே இருப்பவன் உள்ளே பார்க்கக்கூடாது. உள்ளே இருப்பவன் மட்டும் வெளியே பார்க்கலாம்.

மானேஜர் கேபினுக்கு வெயிலே படாத பக்கத்திலும் ஏன் பிளைண்ட் தொங்குகிறது என்று இப்போது புரிகிறதா?