அமெரிக்க லொறிச் சாரதியின் வேதனம்

ஐக்கிய அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் சரக்கேற்றிச் செல்லும் பெரிய லொறியின் சாரதிக்கு, பொதுவாக மாதச் சம்பளமும் இல்லை, மணிக்கூலியும் இல்லை. மைலுக்கு இத்தனை சதம் என்பதே அவருக்குரிய கணக்கு. வண்டி ஓடினாற் கூலி உண்டு; நின்றால் இல்லை.

அந்நாட்டுத் தொழிற் புள்ளிவிவரப் பணியகம் 2024ஆம் ஆண்டு மே மாதத்துக்கென வெளியிட்ட கணக்கின்படி, பெரிய லொறிச் சாரதிகளின் நடுநிலை ஆண்டு ஊதியம் ஏறக்குறைய 57,000 டொலர். அஃதாவது, பாதிப்பேர் இதனிலும் கூடுதலாகவும் பாதிப்பேர் குறைவாகவும் பெற்றனர். எல்லாத் தொழிலாளரையும் சேர்த்து நோக்கின் நடுநிலை 49,500 டொலர் அளவில் நின்றது. ஆகவே லொறிச் சாரதி பிறரிலும் மேலான நிலையில் இருக்கிறார் என்றே தோன்றும். எத்தனை மணி நேரத்துக்கு இந்த ஊதியம் என்று கேட்டால் அத்தோற்றம் மாறிவிடுகிறது. வாரத்துக்கு 40 மணி, ஆண்டுக்கு 50 வாரம் என வைத்துக்கொண்டால், மணிக்கு 28 டொலருக்கு மேல் வரும். நெடுந்தூரச் சாரதியோ வாரத்தில் 60 மணி நேரமும் அதற்கு மேலும் கடமையில் இருப்பது வழமை. அவ்வாறு கணக்கிட்டால் அதே தொகை மணிக்கு 19 டொலராகச் சுருங்கும். இருக்கைக்குப் பின்னாலுள்ள சிற்றறையிற் படுத்துறங்கி, வீட்டைக் காணாமற் கழிக்கும் இரவுகள் இக்கணக்கிற் சேரவேயில்லை.

இத்துணை நேரம் வேலை செய்பவருக்கு மேலதிக நேர வேதனம் இல்லையா என்ற கேள்வி எழுவது இயல்பு. வரையறுத்த மணிக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி என்னும் விதியை அந்நாடு 1938ஆம் ஆண்டிற் சட்டமாக்கியது. அச்சட்டத்திலேயே மாநிலங்களுக்கிடையே லொறி செலுத்துவோருக்கு விலக்கும் எழுதப்பட்டது. சாரதிகளின் வேலை நேரத்துக்கு எல்லை வகுக்கும் அதிகாரம் 1935ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தால் முன்னரே ஓர் ஆணைக்குழுவுக்கு அளிக்கப்பட்டிருந்தது. நேரத்துக்கே எல்லை இருக்க, மேலதிக வேதனம் எதற்கு என்பது அக்காலத்து நியாயம். அவ்விலக்கை நீக்கக் கோரும் மசோதா ஒன்று 2022இல் அமெரிக்கக் காங்கிரசுக்கு வந்தது. அந்தக் காங்கிரசின் காலம் முடியும்வரை நிறைவேறவில்லை.

அந்த நேர எல்லையே சாரதியின் வருவாயை எவ்வாறு தொடுகிறது என்பது நுணுகிப் பார்க்கத்தக்கது. பொதுவிதி இது: தொடர்ச்சியாகப் பத்து மணி நேரம் ஓய்ந்த பின் சாரதி கடமையேற்றால், அடுத்த 14 மணி நேரத்துக்குள் மட்டுமே வண்டி செலுத்தலாம், அதற்குள்ளும் 11 மணி நேரத்துக்கு மேற் செலுத்தலாகாது. 2017ஆம் ஆண்டு டிசம்பர் முதல், பெரும்பாலான நெடுந்தூர லொறிகளில் இந்நேரத்தை எஞ்சினோடு இணைந்த ஓர் இலத்திரனியற் கருவி பதிவு செய்கிறது. முன்பு கையால் எழுதிய நேரக் குறிப்பேட்டில் இருந்த நெகிழ்ச்சி இப்பொழுது இல்லை.

காலை ஆறு மணிக்குக் கடமையேற்ற ஒருவர் சரக்கேற்றும் பண்டசாலைக்குச் செல்கிறார் என்க. அங்கே சரக்கு ஆயத்தமில்லை. ஐந்து மணி நேரம் காத்திருக்கிறார். அவருடைய 14 மணிக் கடிகாரமோ காத்திருப்பதில்லை. எஞ்சிய ஒன்பது மணியில் உணவு, வண்டிச் சோதனை ஆகியவை போக ஏழரை மணி நேரம் ஓட்டினால், மணிக்கு 50 மைல் வீதம் 375 மைல். மைலுக்கு 55 சதமாயின் 206 டொலர். தாமதமின்றிப் புறப்பட்டிருந்தால் அதே நாளில் 550 மைல் ஓடி 302 டொலர் பெற்றிருப்பார். பண்டசாலைக்காரரின் ஒழுங்கீனத்துக்குச் சாரதி கொடுத்த விலை ஏறத்தாழ நூறு டொலர். தாமதக் கட்டணம் என்று ஒன்று உண்டுதான். ஆயினும் முதல் இரண்டு மணி நேரத்துக்கு அது கிடையாதென்பது நெடுநாள் வழக்கு. அதன் பின் கம்பனிக்குக் கிடைப்பதிலும் சாரதியின் கைக்கு எவ்வளவு வருமென்பது அவரவர் ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

மைலை அளப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பல கம்பனிகள் வண்டியின் மைல்மானி காட்டும் தூரத்துக்குக் கூலி கொடுப்பதில்லை. வீட்டுச் சாமான் ஏற்றுவோருக்கென முன்னாளில் வகுக்கப்பட்ட தூர அட்டவணையைப் பின்பற்றி, ஊருக்கு ஊர் மிகக் குறுகிய வழியைக் கணக்கிட்டே கொடுக்கின்றன. லொறி நுழைய முடியாத பாலங்களையும் தெருக்களையும் சுற்றிச் சென்ற மைல்கள் சாரதியின் தலையில் விழுகின்றன.

சரக்கின் வகையும் கூலியை மாற்றும். பவுசரில் இரசாயனத் திரவம் கொண்டு செல்பவர், அதற்குரிய தனிச் சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும். கூலியும் பெரும்பாலும் கூடுதல். அனுபவமும் பார்க்கப்படும். தனக்கென லொறி வைத்திருப்பவரின் வருவாய் பெரிதாகத் தோன்றும். டீசல், டயர், காப்புறுதி, கடன் தவணை யாவும் போன பின்னர் எஞ்சுவதே அவருடையது. 2021இல் சரக்குக் கட்டணம் உயர்ந்தபோது வண்டி வாங்கியவர் பலர், அடுத்த ஆண்டில் அது வீழ்ந்ததும் தவணை கட்ட இயலாமல் இடர்ப்பட்டனர்.

தொழிற்சங்கத்தின் பங்கு தனியே கூறத்தக்கது. டீம்ஸ்டர்ஸ் என்னும் பெயர் குதிரைகளைப் பூட்டி வண்டியோட்டியவர்களைக் குறித்த சொல். சங்கத்தின் சின்னத்தில் இன்றும் குதிரைத் தலைகள் உள்ளன. ஜிம்மி ஹோஃபாவின் தலைமையில் அச்சங்கம் 1964இல் நாடு முழுவதற்குமான ஒரே சரக்குப் போக்குவரத்து ஒப்பந்தத்தைச் செய்து, ஏறத்தாழ நான்கு இலட்சம் பேரின் வேதனத்தை ஒரு கட்டுக்குள் கொண்டுவந்தது. அந்நாளில் புதிய கம்பனி தொடங்க அரசின் அனுமதி எளிதிற் கிடைக்கவில்லை. கட்டணங்களும் கட்டுப்பாட்டுக்குள் இருந்தன. 1980ஆம் ஆண்டின் சட்டம் அந்தக் கட்டுக்களைத் தளர்த்தியதும், சங்கம் சாராத கம்பனிகள் பெருகிக் கட்டணத்தைக் குறைத்தன. பொருள்களைக் கடையில் வாங்கியவர்களுக்கு அதனால் நன்மையே. சாரதியின் கூலியோ விலைவாசியோடு ஒப்பிடுமிடத்து வீழ்ந்தது. சங்கத் தொழிலாளரைப் பெருமளவிற் கொண்டிருந்த யெலோ கம்பனி 2023இல் மூடப்பட்டபோது, ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தனர்.

குறைந்த கூலி பெறும் சாரதி, இன்னும் சில மைல் ஓடினால் வாரக் கணக்குச் சரியாகும் என்று எண்ணிக் களைப்போடு வண்டியைச் செலுத்துவார். கூலிக்கும் வீதி விபத்துக்கும் உள்ள இத்தொடர்பைப் பொருளியலறிஞர் மைக்கேல் பெல்சர் பல ஆண்டுகளாக ஆராய்ந்துள்ளார். ஜே. பி. ஹண்ட் என்னும் பெருங்கம்பனி 1997இல் தன் சாரதிகளின் கூலியை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு உயர்த்தி, அனுபவம் மிக்கவரையே தேடிச் சேர்க்கத் தொடங்கியது. அதன் பின் அக்கம்பனியில் வேலையை விட்டு விலகுவோர் தொகையும் விபத்துக்களின் தொகையும் பெரிதும் குறைந்தன. நெடுந்தூரச் சரக்கேற்றும் பெரிய கம்பனிகளிலே, ஆண்டொன்றில் விலகுவோர் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டிய ஆண்டுகள் அதற்குப் பின்னரும் பல.