தாகமும் மணிக்கூலியும்

கோடை வந்துவிட்டால் கட்டடத் தொழிலாளர்களைப் பற்றியும் போக்குவரத்துக் காவலர்களைப் பற்றியும் நாம் கவலைப்படுகிறோம். சிறிய பயிற்சி விமானத்தில் மாணவருக்கு அருகில் அமர்ந்து பறக்கக் கற்றுத்தரும் பயிற்றுநரை அந்தப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. வானத்தில் இருப்பவருக்கு வெக்கை ஏது என்று நினைத்துவிடுகிறோம்.

ஆயிரம் அடி உயர்ந்தால் வெப்பநிலை ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது உண்மைதான். ஆனால், புதிய மாணவர் பல நாள்கள் பழகுவது எழும்புவதையும் இறங்குவதையும்தான். தரையிலிருந்து சுமார் ஆயிரம் அடியில் ஓடுபாதையைச் சுற்றிவந்து இறங்குவார். உடனே மீண்டும் எழும்புவார். உத்தர பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்ச் பயிற்சித் தளத்தில் மே மாதத்தில் தரையில் 42 டிகிரி என்றால், அந்த உயரத்திலும் ஏறக்குறைய 40 டிகிரிதான். பயிற்சி விமானங்கள் பலவற்றில் குளிர்சாதன வசதி கிடையாது. இறக்கை மேலே அமைந்த செஸ்னா 172-இல் சற்று நிழலாவது உண்டு. டயமண்ட் டிஏ 40 போன்றவற்றில் தலைக்கு மேலிருக்கும் ஒளிபுகும் கூரை வெயிலை அப்படியே உள்ளே விடுகிறது.

உடல் எடையில் 2 விழுக்காடு அளவுக்கு நீர் குறைந்தாலே கவனம் சிதறத் தொடங்கும். மாணவர் தவறிழைக்கும் நொடியில் கட்டுப்பாட்டைத் தம் கைக்கு மாற்றிக்கொள்ள வேண்டியவருக்கு அது எத்தகைய இழப்பு என்பதை விளக்கத் தேவையில்லை.

இது பயிற்றுநர்களுக்குத் தெரியாததன்று. இருந்தும் பலர் தண்ணீரைத் தவிர்ப்பதற்குக் காரணம், சிறிய விமானத்தில் கழிப்பறை இல்லை என்பதே. இடையில் இறங்கினால் மாணவருக்குக் கட்டண நேரம் வீணாகும். மேலும், அமெரிக்கா உள்பட பல நாடுகளில், விமானம் இயங்கும் மணிக்கணக்கில் ஊதியம் பெறும் பயிற்றுநர்கள் ஏராளம். தரையில் நிழலில் அமர்ந்து நீர் அருந்தும் அரைமணி நேரம் அவர்களுக்குக் கூலியில்லாத நேரம். பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. செய்த அளவுக்குக் கூலி என்றால் தொழிலாளர் அளவுமீறி உழைத்து உடல்நலத்தைக் கெடுத்துக்கொள்வர் என்று ஆடம் ஸ்மித் 1776-லேயே எழுதிவிட்டார்.

ஆகவே, 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்ற அறிவுரை மட்டும் போதாது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கால்மணிக்கு ஒருமுறை சிறிது சிறிதாக அருந்துவதும், வியர்வை மிகுந்தால் உப்பிட்ட மோரோ உப்பு-சர்க்கரைக் கரைசலோ சேர்ப்பதும் நல்லவையே. ஆனால், அவற்றுக்கு இடம் தருவது கால அட்டவணைதான். பறக்கும் பாடத்தை விடியலில் வைத்துக்கொண்டு, பிற்பகலை வகுப்பறைக்கு ஒதுக்கலாம். வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது; எழும்ப அதிக ஓடுபாதை வேண்டும். பிற்பகலில் குலுக்கலும் மிகுதி. இயந்திரத்துக்கும் அதுவே நல்லது.

இரு பாடங்களுக்கு இடைப்பட்ட தரைநேரத்துக்கும் ஊதியம் தரப்பட வேண்டும். நம் நாட்டில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். அதற்காகப் பல லட்சம் ரூபாய் செலுத்தும் பெற்றோர், எத்தனை விமானங்கள் உள்ளன என்று கேட்கிறார்கள். பயிற்றுநருக்கு எந்தக் கணக்கில் சம்பளம் தருகிறீர்கள் என்றும் கேட்கலாம்.