முழம் போடும் கை

மூன்றாம் வகுப்பில் அளவைகள் பாடம். கரும்பலகை எத்தனை சாண், மேசை எத்தனை முழம் என்று குழந்தைகள் அளந்து சொல்ல வேண்டும். எல்லாரும் கையை நீட்டி அளந்துகொண்டிருக்க, ஒரு சிறுமி மட்டும் சும்மா நின்றாள்.

"ஏன், நீ அளக்கலையா?"

"என் முழம் செல்லாது டீச்சர். அம்மா முழத்துலதான் குடுக்கணும். என் கையால போட்டா வாங்குறவங்க சண்டைக்கு வருவாங்க."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "பரவாயில்லை, அள" என்று சொல்லி அடுத்த குழுவுக்குப் போய்விட்டேன்.

மாலையில் வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. ஆளுக்கு ஆள் முழம் மாறும், அதனால் எல்லாருக்கும் பொதுவான ஓர் அளவு வேண்டும் என்பதைச் சொல்வதற்காகவே அந்தப் பாடம் இருக்கிறது. நான் இரண்டு நாள் கழித்து வந்து சேர வேண்டிய இடத்தில் அந்தப் பெண் முதல் நாளே நின்றிருந்தாள். அவளைத்தான் கணக்கில் 'அரும்பு' நிலையில் வைத்திருந்தேன். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறோம் அல்லவா? நிஜமான அரும்பையும் மொட்டையும் தினமும் கையில் பிடிக்கிற குழந்தை அவள். அம்மா பார்த்தசாரதி கோயில் அருகே நடைபாதையில் பூ விற்பவர்.

திருவல்லிக்கேணியின் பெயரிலேயே ஒரு பூ இருக்கிறது. அல்லி பூத்த கேணி என்பதால் வந்த பெயர். கோயிலைச் சுற்றிய தெருக்களில் பூக்கடைகளுக்குக் குறைவில்லை. பூ மட்டும் இல்லை. என் வகுப்புக் குழந்தைகளின் வீடுகளைக் கணக்கெடுத்தால் ஒருவன் அப்பா சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி ஆரி வேலை செய்கிறார். இன்னொருத்தியின் அம்மா புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிறார். பிள்ளையார் சதுர்த்தி வந்தால் காகிதக் குடை செய்யும் வீடு ஒன்று. இத்தனை காலம் இதையெல்லாம் சேர்க்கைப் பதிவேட்டில் 'பெற்றோர் தொழில்' என்ற கட்டத்தில் 'கூலி' என்று எழுதி முடித்திருக்கிறேன்.

ஒரு நாள் பள்ளி முடிந்து பூ வாங்கப் போனவள், அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டு அருகில் உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரம்தான். ஆனால் அங்கே பார்த்ததை எந்தப் பயிற்சி முகாமிலும் பார்த்ததில்லை.

உதிரிப் பூ விடியற்காலையில் கோயம்பேட்டிலிருந்து வருகிறது. மல்லிகையை மொட்டாகவே தொடுத்தாக வேண்டும். மாலையில் அது விரிந்துவிட்டால் கட்டவும் வராது, விலையும் போகாது. நாரைத் தண்ணீரில் நனைத்து வைத்திருக்கிறார். இடது கையின் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இரண்டு மொட்டு, காம்பு உள்ளே பார்த்தபடி. எதிர்ப் பக்கமிருந்து இன்னும் இரண்டு, காம்பின்மேல் காம்பு. நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் ஒரு வளையம் போட்டு, அதைக் காம்புகளின்மேல் மாட்டி இழுத்தால் கட்டு இறுகுகிறது. இந்த இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. கூடினால் காம்பு அறுந்துவிடும், குறைந்தால் தலையில் வைத்த பூ வீடு சேர்வதற்குள் உதிரும். எவ்வளவு இழுக்க வேண்டும் என்று கேட்டேன். "அது கைக்குத் தெரியும் டீச்சர்" என்றார்.

அவருடைய மூன்று வயது மகன் பக்கத்தில் இருந்தான். கடை என்றால் ஒரு ஸ்டூல், ஒரு தட்டு, ஈரத்துணி மூடிய கூடை, அவ்வளவுதான். நடைபாதையை ஒட்டி வண்டிகள் போகின்றன. மூன்று வயதுப் பிள்ளையை அங்கே உட்கார வைத்திருப்பது எளிய காரியமா? அவன் கையில் துளசிக் கொத்து ஒன்று. இலையைக் காம்பிலிருந்து கிள்ளிக் கிண்ணத்தில் போடுவது அவன் வேலை. கிள்ளியதில் பாதி தரையில் கிடந்தது. அம்மா கண்டுகொள்ளவில்லை. அக்காவும் அப்படித்தான் தொடங்கினாளாம். பிறகு பெரிய மொட்டு, சின்ன மொட்டு பிரிப்பது. அதன் பிறகு இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து அம்மா கைக்கு எட்டும் இடத்தில் அடுக்குவது. முடிச்சு வந்தது ஏழு வயதில். முதலில் கனகாம்பரத்தில் பழக்கவில்லையாம். அதன் காம்பு மெல்லியது, அறுந்துபோகும், பிள்ளைக்கு அழுகை வந்துவிடும் என்றார். மகள் போட்ட கட்டு தளர்ந்திருந்தால் பிரித்து அவள் கையிலேயே கொடுத்துவிடுவார். தானே சரிசெய்து விற்றுவிட மாட்டார்.

இதைக் கேட்டபோது எனக்கு அடையாறு நினைவுக்கு வந்தது. மரியா மாண்டிசோரி 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னைக்கு வந்து, அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தியவர். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அவருடைய முறையில், குழந்தைக்குப் பொத்தான் போடக் கற்றுத்தர உடம்பிலுள்ள சட்டையைப் பயன்படுத்த மாட்டார்கள். பொத்தானுக்கு ஒரு மரச்சட்டம், நாடா முடிய வேறொன்று. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கடினம்தான் குழந்தையின் முன் இருக்க வேண்டும். பிழையை ஆசிரியர் சுட்டிக்காட்டுவதைவிட, குழந்தையே கண்டுகொள்ளும்படி பொருள் அமைந்திருக்க வேண்டும். கிள்ளுவது தனி, பிரிப்பது தனி, ஜோடி சேர்ப்பது தனி, முடிச்சு கடைசியில். தளர்ந்த கட்டிலிருந்து பூ தானாக உதிர்ந்து பிழையைச் சொல்லிவிடும். அடையாற்றில் பயிற்சி பெறாமலே அந்த அம்மா இதைச் செய்துகொண்டிருந்தார்.

கைவேலைக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பை ஒன்றாம் வகுப்பு எடுத்தவர்கள் அனைவரும் அறிவோம். மொட்டைக் கசக்காமல் பிடிக்கிற அதே இரண்டு விரல்களும் அவற்றுக்குத் துணை வரும் நடுவிரலும்தான் பென்சிலையும் பிடிக்கின்றன. ஒரு கை பிடித்துக்கொள்ள மறு கை சுற்றுவது, கத்தரிக்கோலால் தாளை வெட்டும்போது வேண்டியிருக்கிறது. ஜெர்மனியில் ஃபிரோபெல் 1837இல் தொடங்கிய சிறுவர் பள்ளி, பின்னாளில் கிண்டர்கார்டன் என்று பெயர் பெற்றது. அங்கே காகிதம் மடிப்பதும் பின்னுவதும் தைப்பதும் பாடங்களாகவே இருந்தன. என் வகுப்பில் அந்தப் பெண்ணின் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். அது ஏன் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் தவறு. ஆர்வம் தாங்காமல் மறுநாளே கால் கிலோ மல்லிகையும் நாரும் வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அந்தப் பெண்ணை முன்னால் உட்கார வைத்து, "எல்லாருக்கும் கட்டிக் காட்டு" என்றேன். அழகாகக் கட்டினாள். எல்லாரும் கை தட்டினார்கள். சாப்பாட்டு இடைவேளையில் இரண்டு பையன்கள் அவளைப் "பூக்காரி, பூக்காரி" என்று கூப்பிட்டது எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் காலை அவள் அம்மா வாசலில் நின்றார்.

"டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. வீட்டுல கட்டுறது பத்தாதா? இதுக்கா இவள ஸ்கூலுக்கு அனுப்புறேன்? நாந்தான் ரோட்டுல உக்காந்திருக்கேன். இவளாவது உக்காரக் கூடாதுன்னுதானே அனுப்புறேன்?"

என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன்.

நம் மாநிலத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரம் குறைக்கப்பட்டது. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலையோ அக்கம்பக்கத்துத் தொழிலையோ கற்கட்டும் என்றார்கள். குலக்கல்வி என்று பெயரிட்டுப் பெரியாரும் மற்றவர்களும் அதை எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. கைவேலையின் அருமையைப் பற்றி எத்தனை நல்ல எண்ணத்தோடு பேசினாலும், அந்த அம்மாவின் காதில் அது எப்படி விழும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். "உன் பெண் நன்றாகப் பூக் கட்டுகிறாள்" என்பதை, "அவளுக்கு அது போதும்" என்று அவர் கேட்டார். அப்படிக் கேட்க அவருக்கு நியாயம் இருக்கிறது.

அதற்காகப் பூவை வகுப்பிலிருந்து அடியோடு விலக்குவதா? அதுவும் சரியாகப் படவில்லை. விலக்கினால், வீட்டில் தெரிந்துகொண்டது எதுவும் பள்ளியில் அறிவாகாது என்று அவளிடம் இன்னொரு முறை சொன்னதாகிவிடும். எங்கே பிசகியது என்று யோசித்தேன். அவள் கையைத்தான் மேடையேற்றினேன். அந்தக் கைக்குள் இருந்த கணக்கை எடுக்கவே இல்லை. அதோடு, அவளை மட்டும் தனியே நிறுத்தியிருந்தேன்.

இரண்டு வாரம் விட்டுவிட்டு மறுபடி தொடங்கினேன். இந்த முறை முதலில் என் வீட்டுக் கைவேலை. கொலுவுக்காக என் அம்மா பாசிமணியில் கோத்த கிளியைக் கொண்டுபோய், ஒரு வரிசைக்கு எத்தனை மணி என்று எண்ணச் சொன்னேன். அடுத்த நாள் ஆரி வேலைக்காரர் மகன் அப்பா வரைந்த கொடி மாதிரியைக் கொண்டுவந்தான். துளையிட்ட தாளின்மேல் பொடியைத் தேய்த்துத் துணியில் படம் இறக்கும் விதத்தை அவன் விளக்கியபோது, சமச்சீர் பாடம் பாதி முடிந்துவிட்டது. குடை வீட்டுப் பிள்ளை வட்டத்தை எட்டாக மடித்துக் காட்டினான். பூ வந்தது நான்காவதாகத்தான், அதுவும் நிஜப் பூ இல்லை. பழைய நோட்டுத் தாளைச் சிறு சுருள்களாகச் சுருட்டி, கம்பளி நூலால் எல்லாருமே கட்டினோம். பையன்கள்தான் அதிகம் திணறினார்கள். 'பூக்காரி' என்று கூப்பிட்டவர்களில் ஒருவன் முதல் கட்டுப் போட இருபது நிமிடம் எடுத்துக்கொண்டு, அவளிடமே போய் உதவி கேட்டான்.

கணக்கு அதற்குள்ளேயே இருந்தது. ஒரு கட்டுக்கு நான்கு பூ. நெருக்கிக் கட்டினால் ஒரு முழத்துக்கு முப்பது கட்டு வரை வரும் என்றாள். அப்படியானால் எத்தனை பூ? நான்காம் வாய்பாட்டை ஒப்பிக்கச் சொன்னால் தடுமாறுகிறவள் "நூத்தி இருபது" என்றாள். எப்படி என்று கேட்டதற்கு, பத்துக் கட்டுக்கு நாற்பது, மூணு நாற்பது என்றாள். இது பகிர்ந்து பெருக்கல். அதை அவள் சொன்னபடியே கரும்பலகையில் எழுதி, இதற்குப் பெயர் இதுதான் என்றேன். விடை அவளிடம் முன்பே இருந்தது. அதை எழுதும் முறைதான் இல்லாமல் இருந்தது. அந்த முறையைக் கொடுப்பதுதான் பள்ளியின் வேலை, வீட்டால் அது முடியாது. அவள் அம்மாவிடம் அந்த நோட்டைக் காட்டினேன். பூப் படம் எதுவும் இல்லாமல், எண்களாகவே நிறைந்திருந்த பக்கத்தை அவர் சற்று நேரம் பார்த்தார்.

ஒரு சங்கதி தீரவில்லை, அதையும் சொல்ல வேண்டும். வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய நாட்களில் அவள் வகுப்பில் தூங்கி விழுந்தாள். முந்தைய இரவு வெகு நேரம் கட்டியிருக்கிறார்கள். குடும்பத் தொழிலில், ஆபத்தில்லாத வேலை என்றால், பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் பிள்ளைகள் உதவலாம் என்று 2016இன் சட்டத் திருத்தம் இடம் கொடுக்கிறது. தூக்கத்தைப் பற்றி அது பேசவில்லை. ஒன்பது மணிக்குமேல் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சாதாரண நாளில் சரி, திருவிழா நாளில் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார் அந்த அம்மா. அவர் பொய் சொல்லவில்லை என்பதால் நானும் மேலே பேசவில்லை. அந்த நாட்களில் காலை முதல் பாடவேளையை அவளுக்குப் படிக்கும் வேளையாக வைக்காமல் விட்டுவிடுகிறேன். இது தீர்வல்ல என்று எனக்கும் தெரியும்.

விட்ட இடத்துக்கு, அளவைகள் பாடத்துக்கு, கடைசியாக வந்தோம். ஒவ்வொருவர் முழத்தையும் நாடாவால் அளந்து பட்டியல் போட்டோம். அவள் முழம் 33 சென்டிமீட்டர். வீட்டில் அம்மாவின் கையை அளந்து எழுதிவந்தாள், 42. "நீ உன் கையால் நான்கு முழம் கொடுத்தால் வாங்குகிறவருக்கு எவ்வளவு குறையும்?" என்று கேட்டேன். ஒன்பதை நான்கால் பெருக்கி 36 என்றாள். ஒரு கணம் பட்டியலைப் பார்த்துவிட்டு, "டீச்சர், என் கைக்கு ஒரு முழத்துக்கும் மேலயே போயிடுதே!" என்றாள்.

ஆரி வேலைக்காரர் மகன் கை தூக்கினான்.

"உங்கம்மா கொசுறு குடுப்பாங்கல்ல, அது எத்தனை சென்டிமீட்டர்?"

"அது ஆளைப் பொறுத்தது" என்றாள் அவள்.