நாய்க் கண்காட்சி நடுவர்களுக்கான நலமுரண் விதிகள்

தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருப்பவரின் சொந்த ஆதாயமும் அவருடைய கடமையும் ஒன்றோடொன்று மோதும் நிலையே நலமுரண் ஆகும். நாய்க் கண்காட்சிகளில் நடுவராக இருப்பவர் யாருடைய நாயை மதிப்பிடலாம், யாருடைய நாயிலிருந்து விலகி நிற்க வேண்டும், யாரோடு பயணம் செய்யக் கூடாது, எந்த அமைப்பின் கண்காட்சிக்குப் போகலாம் என்பவற்றை வரையறுக்கும் விதிகள் நலமுரண் விதிகள் எனப்படுகின்றன. இந்தப் பெயரின் கீழ் இரண்டு வேறுபட்ட விதிகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று நாயைக் கொண்டுவருபவரைக் காப்பது. மற்றொன்று கண்காட்சி நடத்தும் அமைப்பைக் காப்பது. இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் குழப்பமே மிஞ்சும்.

நடுவர் செய்யும் வேலை

ஓட்டப் பந்தயத்தில் யார் முதலில் வந்தார் என்பதைக் கடிகாரம் சொல்லிவிடும். நாய்க் கண்காட்சியில் அப்படி ஒரு கருவி இல்லை. ஒவ்வோர் இனத்துக்கும் தலையின் அமைப்பு, பல் வரிசை, முதுகுக் கோடு, கால் கோணம், நடை, நிறம், குணம் முதலியவற்றை விவரிக்கும் இனத் தர வரையறை ஒன்று எழுதப்பட்டிருக்கும். நடுவர் ஒவ்வொரு நாயையும் தொட்டுப் பார்த்து, நடக்கவும் ஓடவும் வைத்து, அந்த வரையறைக்கு எது நெருக்கமாக இருக்கிறது என்று முடிவு செய்கிறார். எல்லாம் சில நிமிட வேலை. மேல்முறையீடு என்று சொல்லத்தக்க ஏற்பாடு பெரும்பாலும் கிடையாது. நடுவரின் கருத்தே முடிவு.

அந்தக் கருத்துக்குப் பண மதிப்பு உண்டு. ஓர் இனத்தில் சிறந்ததாகத் தேர்வாகும் நாய்க்குச் சேலஞ்ச் சர்டிபிகேட் கிடைக்கிறது. வெவ்வேறு நடுவர்களிடம் உரிய எண்ணிக்கையில் இவற்றைப் பெற்ற நாய் ‘சாம்பியன்’ ஆகிறது. சாம்பியன் ஆண் நாயை மேட்டிங்குக்கு விடக் கூடுதல் கட்டணம் கேட்கலாம். அதன் குட்டிகளுக்கும் கூடுதல் விலை வைக்கலாம். வம்சாவளிச் சான்றிதழில் அந்தப் பட்டம் தலைமுறை தலைமுறையாகத் தொடரும். ஒரு நடுவர் ஒரு நாளில் காட்டும் பாரபட்சம், அவரை ஒருபோதும் பார்த்திராத ஒருவர் மூன்று தலைமுறை கழித்து வாங்கும் குட்டியின் விலையில் வந்து நிற்கும்.

அமைப்புகள்

லண்டனில் கென்னல் கிளப் 1873-இல் தொடங்கப்பட்டது. இந்தியாவில் 1896-இல் உருவான கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகம் இப்போது சென்னையில் உள்ளது. பல ஊர்களில் உள்ள கிளப்புகள் இதனோடு இணைந்து கண்காட்சி நடத்துகின்றன. உதகமண்டலத்தில் கோடை காலத்தில் நடக்கும் தென்னிந்தியக் கென்னல் கிளப்பின் கண்காட்சி தமிழ்நாட்டில் பலரும் அறிந்தது.

உலக அளவில் பன்னாட்டு நாயியல் கூட்டமைப்பு உள்ளது. சுருக்கப் பெயர் எஃப்.சி.ஐ. (நம் ஊரில் இந்த மூன்று எழுத்தைக் கேட்டால் அரிசி மூட்டைதான் நினைவுக்கு வரும், இந்திய உணவுக் கழகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.) ஜெர்மனி, ஆஸ்திரியா, பெல்ஜியம், பிரான்சு, நெதர்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் சேர்ந்து 1911-இல் இதைத் தொடங்கின. தலைமையகம் பெல்ஜியத்தின் துயின் நகரில் இருக்கிறது. கென்னல் கிளப் ஆஃப் இந்தியா இக்கூட்டமைப்புடன் இணைந்தது.

இந்தியாவில் இதற்கு வெளியே இந்தியன் நேஷனல் கென்னல் கிளப் என்ற மற்றோர் அமைப்பும் நாய்களைப் பதிவு செய்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டுக்குக் கர்நாடகத்தின் முதோள் வேட்டை நாய் எளிய எடுத்துக்காட்டு. கென்னல் கிளப் ஆஃப் இந்தியா அதைக் ‘காரவன் ஹவுண்ட்’ என்று பதிகிறது. மற்ற அமைப்பு ‘முதோள் ஹவுண்ட்’ என்கிறது. நாய் ஒன்று, பதிவேடு இரண்டு.

நாயைச் சார்ந்த விதிகள்

எஃப்.சி.ஐ. நடுவர் விதிகளின்படி, கண்காட்சிக்கு முந்தைய ஆறு மாதங்களில் தாம் சொந்தமாகவோ கூட்டாகவோ வைத்திருந்த, பயிற்றுவித்துத் தயார்செய்த, பராமரித்த அல்லது விற்ற நாயை நடுவர் மதிப்பிடக் கூடாது. தாம் நடுவராக இருக்கும் நாளில் அதே கண்காட்சியில் தம் நாயைப் பதிவு செய்யவோ ரிங்கில் பிடித்து ஓடவோ கூடாது. குடும்பத்தாரும் ஒரே வீட்டில் வசிப்பவரும் நாய் கொண்டுவரலாம்; ஆனால் அன்று அந்த நடுவர் பார்க்காத இனமாக இருக்க வேண்டும். தம்மிடம் நாய் காட்டப் போகிறவரோடு சேர்ந்து கண்காட்சிக்குப் பயணம் செய்யக் கூடாது. தீர்ப்பு முடியும்வரை அவர்களோடு தங்குவதும் பழகுவதும் கூடாது. நடுவராக அழைக்கும்படி தாமே கேட்டுப் போகக் கூடாது. கண்காட்சிக் கையேட்டைத் தீர்ப்புக்கு முன்போ இடையிலோ புரட்டக் கூடாது.

கடைசி விதிக்குக் காரணம் இருக்கிறது. கையேட்டில் நாயின் பெயர், பெற்றோர், வளர்ப்பவர், உரிமையாளர் எல்லாம் அச்சிடப்பட்டிருக்கும். அரசுப் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமில் பணியாற்றியவர்களுக்கு இது உடனே புரியும். மாணவரின் பதிவெண் மறைக்கப்பட்ட பிறகுதான் விடைத்தாள் ஆசிரியர் கைக்கு வரும். எந்தப் பள்ளி, யார் பிள்ளை என்று தெரியாது. நாயின் பெயரை மறைக்கலாம். அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதரை எப்படி மறைப்பது? இருபது ஆண்டுகளாக ஒரே வட்டத்தில் பழகியவர்கள் எதிரெதிரே நிற்கிறார்கள். ஆகவேதான் நாய் உலகின் விதிகள் பெயரை மறைப்பதோடு நிற்காமல், பயணம், தங்கும் இடம், சாப்பாடு வரை போகின்றன.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவர்களுக்கும் இது புதிதல்ல. உதிரிபாகம் தரும் வென்டார் கம்பெனியை ஆடிட் செய்யப் போகிறவர் அந்தக் கம்பெனியின் காரில் ஏறிப் போய், அவர்கள் செலவில் விருந்து சாப்பிட்டுவிட்டு அறிக்கை எழுதினால், அறிக்கை நேர்மையானதாகவே இருந்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். நடந்த தவற்றைத் தண்டிப்பதைவிட, சந்தேகத்துக்கே இடம் தராமல் இருப்பதுதான் இத்தகைய விதிகளின் வேலை.

விதி எட்டாத இடங்கள்

ஆறு மாதம் என்ற காலக்கெடுவைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தியாவில் 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க மற்றும் விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. எட்டு வாரத்தில் விற்ற குட்டி, எட்டு மாதத்தைத் தாண்டும்போது ஆறு மாதத் தடையையும் தாண்டிவிடுகிறது. எஃப்.சி.ஐ. கண்காட்சிகளில் ஜூனியர் பிரிவு ஒன்பது மாதத்தில் தொடங்குகிறது. அதாவது, தம் வீட்டில் பிறந்த குட்டி முதன்முதலாக ஜூனியர் பிரிவில் இறங்கும்போது, அதை வளர்த்து விற்றவரே நடுவராக நிற்க இந்த விதி தடை சொல்லாது. அமெரிக்கக் கென்னல் கிளப் இதே தடையை ஓராண்டு என்று வைத்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் அமெரிக்க விதியே மேல் என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

இன்னொன்று, நடுவருடைய ஆண் நாய்க்குப் பிறந்த குட்டிகள். தாய் நாய் வேறொருவருடையது. குட்டிகளை விற்றவரும் அவரே. மேலே சொன்ன சொற்களில் ஒன்றும் நடுவருக்குப் பொருந்தாது. ஆனால் அக்குட்டி வென்றால் தகப்பன் நாயின் மதிப்பு உயரும். மேட்டிங் கட்டணம் நடுவரின் பைக்குத்தான் வரும். கைமாற்று உதவியும் உண்டு. இந்த மாதம் நான் உன் நாய்க்கு நடுவர், அடுத்த மாதம் நீ என் நாய்க்கு நடுவர். எழுத்தில் எந்த விதியையும் மீறாமல் இதைச் செய்யலாம்.

பெரிய இனங்களில் இச்சிக்கலுக்கு ஓரளவு தீர்வு உண்டு. லேப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் வெளிநாட்டிலிருந்து நடுவரை அழைக்கலாம்; அவருக்கு இங்கே யாரையும் தெரியாது. தமிழ்நாட்டு இனங்களான ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவற்றுக்கு அந்த வழி எளிதல்ல. இவை எஃப்.சி.ஐ. பட்டியலில் இல்லை. நல்ல சிப்பிப்பாறை எப்படி நிற்கும், எப்படி ஓடும் என்பதைப் பார்த்துப் பழகிய கண்கள் பெரும்பாலும் தென் மாவட்டங்களில், அவற்றை வளர்த்தவர்களிடம்தான் இருக்கின்றன. தெரிந்தவர் வேண்டுமென்றால் அவர் வளர்ப்பவராக இருப்பார். தொடர்பில்லாதவர் வேண்டுமென்றால் அவருக்கு இனம் தெரியாது.

விலக்கி வைப்பதைவிட வெளிப்படையாகச் சொல்ல வைப்பதே இங்கு நடைமுறைக்கு ஏற்றது. நடுவர் எந்த நாய்களை வளர்க்கிறார், யாருக்குக் குட்டி கொடுத்தார், யாருடைய பெண் நாய்க்குத் தம் நாயை விட்டார் என்று கண்காட்சிக்கு முன்பே எழுதிக் கொடுத்து, அது பார்வைக்கு வைக்கப்பட்டால், முடிவைப் பார்ப்பவர்கள் தாமே எடைபோட்டுக் கொள்வார்கள். நடுவர் ஒவ்வொரு நாய்க்கும் காரணம் எழுதித் தருவதும் உதவும். ராஜபாளையம் போன்ற இனத்தில் இதற்குக் கூடுதல் தேவை இருக்கிறது. வெள்ளை நிறத்துக்காகவே தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டதால் அவ்வினத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. ஒரே சிலரின் நாய்கள் திரும்பத் திரும்ப வென்று, எல்லோரும் அவற்றிடமே மேட்டிங்குக்குப் போனால், குறையும் இரத்தத்தோடு சேர்ந்தே பரவும்.

அமைப்பைச் சார்ந்த விதிகள்

எஃப்.சி.ஐ. நடுவர் ஒருவர் வெளிநாட்டில் நடுவராக இருக்கத் தம் நாட்டு அமைப்பின் அனுமதி பெற வேண்டும். கூட்டமைப்பு ஏற்காத போட்டி அமைப்புகளின் கண்காட்சியில் அவர் நடுவராக நிற்கக் கூடாது. இதுவும் நலமுரண் என்ற பெயரிலேயே பேசப்படுகிறது.

இதற்கு ஒரு நியாயம் உண்டு. பட்டம் என்பது பதிவேட்டை நம்பி நிற்பது. வம்சாவளியைச் சரிபார்க்காமல் சான்றிதழ் தரும் அமைப்பின் மேடையில் பெயர் பெற்ற நடுவர் நின்றால், அவர் பெயரே அந்தச் சான்றிதழுக்கு விளம்பரம் ஆகிவிடும். இரண்டு அமைப்புகளிலும் நிர்வாகப் பதவி வகிப்பவர் ஒன்றின் உள்விவரத்தை மற்றதற்குக் கொண்டுபோகவும் கூடும்.

ஆனால் இந்த விதி பாரபட்சத்தைத் தடுப்பதில்லை. போட்டி அமைப்பில் ஞாயிற்றுக்கிழமை நடுவராக நின்றவர் அடுத்த வாரம் இங்கு வந்து ஒரு டாபர்மேனை நேர்மையாக மதிப்பிட என்ன தடை? அவருக்கு அந்த நாயில் பங்கில்லை. இங்கே காக்கப்படுவது நாய் கொண்டுவந்தவரின் நலன் அல்ல, அமைப்பின் சந்தை. இரண்டு கிளப்புகள் பக்கத்தில் பக்கத்தில் வாழ முடியாது என்றும் சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் 1884-இல் அமெரிக்கக் கென்னல் கிளப்பும் 1898-இல் யுனைடெட் கென்னல் கிளப்பும் தோன்றின; இன்றும் அங்கு ஒரே நாயை இரண்டிலும் பதிவு செய்து வைத்திருப்போர் பலர்.

இந்தியாவில் இதையொத்த கேள்வி சதுரங்கத்தில் எழுந்தது. வேறு அமைப்புகளின் போட்டிகளில் ஆடியதற்காக வீரர்களைத் தடை செய்து தரவரிசைப் புள்ளியையும் நீக்கிய அகில இந்தியச் சதுரங்கக் கூட்டமைப்புக்கு, இந்தியப் போட்டி ஆணையம் 2018 ஜூலையில் 6.92 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. மாறாக, தன்ராஜ் பிள்ளை முதலியோர் ஹாக்கி இந்தியாவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 2013-இல் ஆணையத்தின் பெரும்பான்மை உறுப்பினர்கள் சட்டமீறல் இல்லை என்றனர். விளையாட்டை முறைப்படுத்தும் அதிகாரம் வணிக நோக்கத்தோடு கலந்துவிடாமல் உள்ளேயே ஏற்பாடு வேண்டும் என்றும் எதிர்பார்த்தனர். இரண்டும் வீரர்களைப் பற்றியவை. நடுவர்களுக்கு அப்படியே பொருந்தா. ஆனாலும் தடை எவ்வளவு காலத்துக்கு, எந்தக் காரணத்துக்கு, விளக்கம் கேட்டார்களா என்ற கேள்விகள் நாய் உலகுக்கும் உரியவை.

குட்டி வாங்குபவருக்கு

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலைக்கு வந்து, மனை வாங்கி வீடு கட்டியவர்கள் காவலுக்கும் ஆசைக்கும் நாய்க்குட்டி தேடுவது வழக்கமாகிவிட்டது. ‘சாம்பியன் லைன், பேப்பர் இருக்கு’ என்ற சொல்லுக்காக ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுப்பவர்களும் உண்டு. அந்தப் பேப்பர் எந்த அமைப்புடையது என்பதை முதலில் கேட்க வேண்டும். ஓர் அமைப்பின் சான்றிதழை வைத்துக்கொண்டு மற்றதன் கண்காட்சியில் நாயைப் பதிவு செய்ய முடியும் என்று எண்ணிவிடக் கூடாது. தகப்பன் நாய் சாம்பியன் என்றால், சேலஞ்ச் சர்டிபிகேட்டுகளைக் காட்டச் சொல்லலாம். அதைக் கொடுத்த நடுவரின் பெயர் அதில் இருக்கும். எல்லாம் வெவ்வேறு ஊரில், வெவ்வேறு நடுவர் கொடுத்தவையா, விற்பவரோடு சேர்ந்து நாய் வளர்ப்பவர் யாரேனும் அவர்களில் உண்டா என்று விசாரிப்பது கடினமல்ல. விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்தவரா என்பதையும் பார்க்க வேண்டும். நாய்க்கு மைக்ரோசிப் போட்டிருந்தால், கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் ரீடரில் வரும் 15 இலக்க எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பணம் கொடுக்கும் முன்பே ஒத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.