காவலுக்குக் காவல்

மதில் எத்துணை வலிதாயினும் அதன் வாயிற்கதவு பழுதுற்றிருப்பின் அகத்தே உறைவோர்க்கு ஏமம் இல்லை. கணினியுலகிலும் இவ்வுண்மை மாறாது நிற்கின்றது என்பதற்கு 2025 ஆம் ஆண்டில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி தக்க சான்றாகும்.

வங்கிக் கணக்கைப் பார்த்தல், பரீட்சைக்கு விண்ணப்பித்தல், பொருள் வாங்குதல் முதலியவற்றை இணையத்தின் வழியாக நிகழ்த்தும் மென்பொருள்களை வலைச்செயலிகள் என்பர். அவற்றை நோக்கி வரும் வேண்டுகோள் ஒவ்வொன்றையும் இடைநின்று ஆராய்ந்து, தீயனவற்றைத் தடுத்து, ஏனையவற்றை உட்செல்லவிடுங் கருவியே வலைச்செயலித் தீச்சுவர். சாதாரணத் தீச்சுவர், வருவது எங்கிருந்து, எவ்வாயிலுக்கு என்பதையே பெரிதும் நோக்கும். இதுவோ வந்த செய்தியின் உள்ளுறையையும் வாசிக்கும். இது தடுக்க முற்படும் தாக்குதல்களுள் முதன்மையான ஒன்று எஸ்.கியூ.எல். உட்புகுத்தல். எஸ்.கியூ.எல். என்பது தரவுத்தளத்தை வினவும் மொழி. பெயர் எழுதவேண்டிய இடத்தில் ஒருவன் அம்மொழியிலமைந்த கட்டளையை எழுத, செயலி அதனைப் பெயரென்று கொள்ளாது கட்டளையாகவே நிறைவேற்றிவிடுதல் இத்தாக்குதலின் இயல்பாகும்.

அமெரிக்காவிலுள்ள ஃபோர்ட்டிநெற் நிறுவனம் ஃபோர்ட்டிவெப் என்னும் தீச்சுவரை ஆக்கி விற்பது. 2025 யூலை 8 ஆம் நாள் அக்கருவியில் கடுமையான குறையொன்று உளதென அந்நிறுவனமே அறிவித்தது. சி.வி.ஈ. 2025-25257 என எண்ணிடப்பட்ட அக்குறையின் கடுமை 10 இற்கு 9.6 என மதிக்கப்பட்டது. குறை யாதெனில், எஸ்.கியூ.எல். உட்புகுத்தலே! பிறருடைய செயலிகளை எத்தாக்குதலினின்று காக்க அமைந்ததோ, அத்தாக்குதலுக்கே காவற்கருவியும் இடங்கொடுத்தது. நிர்வாகப் பகுதிக்கு வரும் அடையாளச் சொல்லை அது தூய்மைசெய்யாது தன் தரவுத்தள வினாவிற் சேர்த்தமையே காரணம். ஆதலின் பெயரும் கடவுச்சொல்லும் இல்லாத அயலான் ஒருவன் கருவியினுள்ளே கோப்பை எழுதி, தான் விரும்பிய நிரலை இயக்குதல் கூடுவதாயிற்று.

திருத்தம் வெளிவந்தமையாற் கவலை நீங்கிற்று என்று எண்ணலாகாது. பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒப்புநோக்குவார்க்குக் குறை இருந்த இடம் புலனாகிவிடும். அவ்வாறே யூலை 11 ஆம் நாள் ஆராய்ச்சியாளர் தாக்கும் முறையை வெளியிட்டனர். அந்நாள் முதலே தாக்குதல்களும் காணப்பட்டன. காவலர்க்குக் கிடைத்த அவகாசம் மூன்று நாள்களே.

இத்தகைய வேளையில் ஆற்றவேண்டிய கடமைகள் மூன்று. முதலாவது, வழியை அடைத்தல். பொதுமக்களின் வேண்டுகோள்கள் வரும் வாயிலை மூடுதல் அரிது. ஆயின் நிர்வாக வாயிலை இணையத்திலிருந்து அகற்றி, அகவலையமைப்பிலுள்ளோர்க்கு மட்டும் உரியதாக்குதல் எளிது. இரண்டாவது, திருத்திய பதிப்பை நிறுவுதல். 7.6 வரிசையைக் கொண்டோர் 7.6.4 இற்கு உயர்த்த வேண்டியிருந்தது.

மூன்றாவதே பலராலும் மறக்கப்படுவது. திருத்தம் ஓட்டையை அடைக்குமேயன்றி, முன்னரே உட்புகுந்தவனை வெளியேற்றாது. கள்வன் வீட்டினுள் ஒளிந்திருக்கப் புதுப்பூட்டுப் பூட்டுவதனாற் பயன் என்ன? இதே கருவியில் வேறொரு குறை 2025 நவம்பர் 14 ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, ஒக்ரோபரில், தாக்குவோர் அதன்வழிப் புகுந்து தமக்கென நிர்வாகிக் கணக்குகளைப் படைத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தனர். ஆகவே அறியாத கணக்குகள், புதிய கோப்புகள், பதிவேடுகளிற் காணும் மாறுபாடுகள் என்பவற்றைத் தேடுதல் வேண்டும். ஊடுருவல் நிகழ்ந்ததாகத் தெரியின், சான்றுகளைப் பேணிக்கொண்டு கருவியைப் பிரித்துவைத்து, தூய நிலையிலிருந்து மீள நிறுவுதல் முறை. மறைகுறியாக்கிய செய்திகளை விரித்து வாசித்தற்பொருட்டு இத்தகைய தீச்சுவர்கள் இரகசியத் திறவுகோல்களை வைத்திருத்தலின், கடவுச்சொற்களோடு அத்திறவுகோல்களும் மாற்றப்படல் வேண்டும்.

தீச்சுவர் பழுதுற்றது கருதி அதனை வேண்டாமென விலக்குதல் அறிவுடைமை அன்று. அதனை மட்டும் நம்பியிருத்தலும் அன்று. உள்ளிருக்கும் செயலி, பிறர் எழுதுவதைக் கட்டளையாக ஏற்காத வகையிற் செம்மையாக ஆக்கப்பட்டிருப்பின், மதில் ஒருநாள் பிளவுற்றபோதும் அகம் உடன் வீழாது. காப்பதற்கென அமைத்த ஒவ்வொன்றும் தானும் காக்கப்படவேண்டியதொன்றே என்னும் உணர்ச்சியே முதற்காவலாகும்.