அழுகையும் ஆர்ப்பரிப்பும் கலந்த திரும்புதல்

எஸ்ரா நூலின் 3ஆம் அதிகாரத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. பாபிலோனிய அடிமை வாழ்விலிருந்து திரும்பி வந்த மக்கள் எருசலேமில் ஆண்டவரின் இல்லத்திற்கு மீண்டும் அடித்தளம் இடுகிறார்கள். இளையோர் மகிழ்ச்சியால் ஆர்ப்பரிக்கிறார்கள். முதல் கோவிலைக் கண்ணால் கண்டிருந்த முதியோரோ வாய்விட்டு அழுகிறார்கள். எது அழுகை, எது ஆர்ப்பரிப்பு என்று யாராலும் பிரித்தறிய முடியவில்லை என்று நூலாசிரியர் எழுதி வைத்திருக்கிறார்.

இந்தப் பகுதியை வாசிக்கும்போது, இது 2,500 ஆண்டுகளுக்கு முந்தைய கதை என்று நாம் கடந்து போய்விடுகிறோம். ஆனால் இதே அழுகையும் இதே ஆர்ப்பரிப்பும் நம் காலத்திலும் கேட்கின்றன. உலகின் பல மூலைகளிலிருந்து, நம் பக்கத்துக் கேரளத்திலிருந்தும்கூட, இறைப்பற்றுள்ள யூதக் குடும்பங்கள் தங்கள் முன்னோரின் நாட்டிற்குச் சென்று குடியேறியிருக்கின்றன. இன்றும் குடியேறி வருகின்றன. 1986 ஏப்ரல் 13 அன்று உரோமை நகரின் தொழுகைக்கூடத்திற்குச் சென்ற திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், யூத மக்களை நம் மூத்த சகோதரர் என்று அழைத்தார். அந்தச் சகோதரரின் வீட்டில் நடப்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

ஏறிச்செல்லுதல் என்னும் சொல்

யூதர்கள் இஸ்ரயேல் நாட்டில் குடியேறுவதை 'அலியா' என்கிறார்கள். எபிரேயத்தில் இதற்கு 'ஏறிச்செல்லுதல்' என்று பொருள். தொழுகைக்கூடத்தில் திருச்சட்டச் சுருளை வாசிக்க ஒருவரை மேடைக்கு அழைப்பதற்கும் இதே சொல்தான். திருப்பாடல்கள் நூலில் 120 முதல் 134 வரை உள்ள சீயோன் மலைத் திருப்பயணப் பாடல்களை நாம் நன்கு அறிவோம். அவற்றின் எபிரேயத் தலைப்பிலும் இந்தச் சொல்லின் வேரே இருக்கிறது. ஆகவே பக்தியுள்ள யூதருக்கு இந்தக் குடியேற்றம் வேலை தேடி வெளிநாடு போவதைப் போன்றதன்று. அது வழிபாட்டின் தொடர்ச்சி. ஒவ்வொரு ஆண்டும் பாஸ்கா இரவு உணவின் முடிவில், அடுத்த ஆண்டு எருசலேமில் இருக்க வேண்டும் என்ற ஆசையை அவர்கள் சொல்லி முடிக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்ததை ஒரு குடும்பம் ஒரு நாள் செய்துவிடுகிறது.

இதற்குச் சட்டமும் இடம் தருகிறது. 1950 ஜூலை 5 அன்று இஸ்ரயேல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திரும்பிவரும் உரிமைச் சட்டம், எந்த யூதரும் அந்நாட்டில் வந்து குடியேறலாம் என்றது. 1970இல் செய்த திருத்தம், யூதரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவர்களின் வாழ்க்கைத் துணைவர் ஆகியோருக்கும் இந்த உரிமையை விரித்தது.

நாடு உருவான 1948 மே மாதம் முதல் 1951 முடிய ஏறக்குறைய 6,80,000 பேர் வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்த யூத மக்கள்தொகை மூன்றரை ஆண்டுகளில் இரண்டு மடங்கானது. 1949, 1950 ஆண்டுகளில் ஏமன் நாட்டு யூதர்கள் ஏறத்தாழ 49,000 பேர் விமானங்களில் கொண்டுவரப்பட்டார்கள். 1991 மே மாதத்தில் எத்தியோப்பியாவிலிருந்து 36 மணி நேரத்திற்குள் 14,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். 2002 முதல் வட அமெரிக்காவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவோருக்கு உதவத் தனி நிறுவனமே இயங்குகிறது.

மண்ணில் உயிர்பெறும் சட்டங்கள்

வெளிநாட்டில் வாழும் பக்தியுள்ள யூதர் திருச்சட்டத்தை முழுமனதோடு கடைப்பிடித்தாலும், அதன் சில கட்டளைகள் அவருக்கு ஏட்டிலேயே இருக்கும். காரணம், அவை அந்த மண்ணோடு கட்டுண்டவை. லேவியர் நூல் 25ஆம் அதிகாரம் கூறும் ஏழாம் ஆண்டு ஓய்வு அத்தகையது. ஆறு ஆண்டுகள் பயிரிட்ட நிலத்திற்கு ஏழாம் ஆண்டு ஓய்வு தரவேண்டும். அண்மையில் இந்த ஓய்வாண்டு 2021 செப்டம்பரில் தொடங்கி 2022 செப்டம்பர் வரை நீடித்தது. கண்டிப்பானவர்கள் நிலத்தைத் தரிசாக விட்டார்கள். வேறு சிலர், நிலத்தை யூதரல்லாத ஒருவருக்குத் தற்காலிகமாக விற்றதாக எழுதிக்கொண்டு பயிரிடலாம் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரபிகள் தந்த அனுமதியைப் பின்பற்றினார்கள். காய்கறிக் கடைக்குப் போகும் இல்லத்தரசிகூட இந்தத் தக்காளி எந்த முறையில் விளைந்தது என்று கேட்டு வாங்குவார். மற்ற ஆண்டுகளிலும், அந்த மண்ணில் விளைந்த பொருளிலிருந்து நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக எடுத்து, அதை உண்ணாமல் ஒதுக்கி வைப்பார்கள். கோவில் இல்லாத இக்காலத்தில் அந்தக் காணிக்கையை யாரும் உண்பதில்லை. ஆயினும் கடமை மறக்கப்படவில்லை.

விழா நாள்களும் மாறுகின்றன. பழங்காலத்தில் புதுநிலாவைக் கண்ட செய்தி எருசலேமிலிருந்து தூதர்கள் வழியாகத் தொலைநாடுகளுக்குச் சென்றது. செய்தி சேரத் தாமதமாகலாம் என்பதால் வெளிநாட்டு யூதர்கள் பெருவிழாவை இரண்டு நாள் கொண்டாடினார்கள். அந்த வழக்கம் இன்றும் நிலைக்கிறது. ஆகவே பாஸ்கா விழா இஸ்ரயேலில் 7 நாள், வெளிநாட்டில் 8 நாள். குடியேறிய மகனின் வீட்டிற்குப் பாஸ்காவுக்காக வந்திருக்கும் வெளிநாட்டுத் தந்தை எட்டாம் நாளும் புளிப்பற்ற அப்பமே உண்பார். அதே வீட்டில் மகனுக்கு விழா முடிந்துவிட்டிருக்கும். தந்தையும் மகனும் ஒரே ஆண்டவரை, ஒரே மேசையில், இருவேறு நாள்காட்டிகளோடு வழிபடும் நிலை இது.

ஓய்வுநாளும் அப்படித்தான். வெளிநாட்டில் சனிக்கிழமை விடுமுறை கேட்டு மேலதிகாரி முன் நின்றவர்களுக்கு, ஊரே ஓய்வெடுக்கும் நாட்டில் வாழ்வது பெரிய ஆறுதல். பெரும்பாலான நகரங்களில் அன்று பேருந்துகள் ஓடுவதில்லை. ஆனால் இதன் மறுபக்கம் நம்மைத் தொடுகிறது. அங்கு ஞாயிறு வேலை நாள். எனவே எபிரேயம் பேசும் கத்தோலிக்கக் குழுக்களில் பலர் சனிக்கிழமை மாலையிலேயே ஞாயிறு திருப்பலியில் பங்கேற்கிறார்கள். ஒருவருக்குக் கிடைக்கும் வசதி இன்னொருவருக்குத் தியாகமாகிறது. சிறுபான்மையினராக வாழும் நமக்கு இது புரியாத ஒன்றன்று.

கொச்சியிலிருந்து நெகேபுக்கு

நமக்கு மிக அருகில் இருந்து போனவர்கள் கொச்சி யூதர்கள். ஏறக்குறைய கி.பி. 1000ஆம் ஆண்டில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு உரிமைகள் வழங்கி வட்டெழுத்தில் பொறித்துக் கொடுத்த செப்பேடுகள் இன்றும் இருக்கின்றன. மட்டாஞ்சேரியில் அரண்மனைக்கு அருகிலேயே 1568இல் பரதேசி தொழுகைக்கூடம் எழுந்தது. அந்த மண்ணில் அவர்களை யாரும் துரத்தவில்லை. ஆயினும் 1950களில், 2,500 பேருக்கு மிகாத அந்தச் சமூகத்தில் பெரும்பாலோர் புறப்பட்டார்கள். பயந்து ஓடியவர்கள் அல்லர் இவர்கள். செபத்தில் கேட்டது நிறைவேறிற்று என்று நம்பிச் சென்றவர்கள்.

வரவேற்பு அவர்கள் எண்ணியதுபோல் இல்லை. யானைக்கால் நோய் பரவிவிடும் என்ற அச்சத்தால் இஸ்ரயேல் நலத்துறை அதிகாரிகள் அவர்களின் வருகையைத் தாமதப்படுத்தினார்கள். வீட்டையும் கடையையும் விற்றுவிட்டு அழைப்புக்காகக் காத்துக் கிடந்த குடும்பங்கள் இருந்தன. போய்ச் சேர்ந்தபின், மழையும் காயலும் தென்னையும் பார்த்து வளர்ந்தவர்கள் பெயேர்செபாவுக்கு அருகில் நெகேபு வறண்ட நிலத்தில் நெவாத்திம் என்னும் கூட்டுறவுச் சிற்றூரில் 1954இல் குடியமர்த்தப்பட்டார்கள். கடையும் சிறுவணிகமும் அறிந்த கைகள் மண்வெட்டி பிடித்தன. மெசிலத் சீயோன், தாவோஸ், அவியேசர் ஆகிய ஊர்களிலும் அவர்கள் குடியேறினார்கள். சேந்தமங்கலத்திலிருந்து சென்ற எலியாகு பெசலேல், பாலை நிலத்தில் பசுமைக்குடில் அமைத்து மலர் வளர்த்து ஏற்றுமதி செய்தார். இந்திய அரசு 2006இல் அவருக்குப் பிரவாசி பாரதிய சம்மான் விருது வழங்கியது.

வயல் விளைந்தது, வேறு சில மெல்ல மறைந்தன. கொச்சி யூதப் பெண்கள் திருமணங்களிலும் விழாக்களிலும் மலையாளத்தில் பாடிய விவிலியப் பாடல்களைக் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தார்கள். புதிய நாட்டில் பிள்ளைகள் எபிரேயம் மட்டுமே பேசியதால், அந்த ஏடுகளைப் படிக்க ஆளில்லாமல் போனது. பின்னர் ஆய்வாளர்களும் அந்தப் பெண்களும் சேர்ந்து அவற்றைத் தேடி எடுத்தார்கள். 2004இல் அப்பாடல்கள் இசைத்தட்டாக வெளிவந்தன. மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் தொழுகைக்கூடத்தின் மர உள்ளமைப்பு இன்று எருசலேமில் உள்ள இஸ்ரயேல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. திருநாட்டிற்குத் திருப்பயணம் செல்லும் நம்மவர் அதைக் காணலாம்.

சொந்த வீட்டில் அந்நியர்

திரும்பி வந்தோர் பலருக்குக் காத்திருந்தது கூடார முகாம். 1951 இறுதியில் 2 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் தற்காலிக முகாம்களில் இருந்தார்கள். நாட்டை நடத்தியவர்களில் பெரும்பாலோர் சமயப் பற்றில்லாதவர்கள். ஏமன் நாட்டுச் சிறுவர்களின் காதோரச் சுருள்முடி முகாம்களில் வெட்டப்பட்டது. சமயக் கல்வி தடுக்கப்பட்டது. எழுந்த கண்டனத்தால் 1950இல் அரசு விசாரணைக் குழு அமைத்தது. 1953இல் வந்த கல்விச் சட்டம், அரசின் பொறுப்பிலேயே சமயப் பள்ளிகளுக்கும் இடம் தந்தது. அந்நிய நாட்டில் காத்த நம்பிக்கையைச் சொந்த நாட்டில் பிள்ளைகள் இழந்துவிடுவார்களோ என்ற பெற்றோரின் கவலையே இதற்கெல்லாம் அடிப்படை.

மும்பை, கொங்கண் பகுதியிலிருந்து சென்ற பெனே இஸ்ரயேல் மக்களின் வேதனை இன்னொரு வகை. அவர்கள் உண்மையான யூதர்தானா என்ற ஐயம் எழுப்பப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் அவர்களின் திருமணங்களுக்கு முன் மூதாதையர் பற்றி விசாரிக்குமாறு தலைமை ரபி மன்றம் அறிவுறுத்தியது. நூற்றாண்டுக் கணக்கில் ஓய்வுநாளைக் காத்தவர்களுக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேறில்லை. அவர்கள் எருசலேமில் அமர்ந்து போராடினார்கள். 1964இல் நாடாளுமன்றம் அவர்களை முழுமையான யூதர் என்று அறிவித்தபின்தான் அந்த அறிவுறுத்தல் திருத்தப்பட்டது.

புதிதாக வருவோருக்கு எபிரேயம் கற்பிக்கும் 'உல்பான்' பள்ளிகள் 1949 முதல் இயங்குகின்றன. அரசு தொடக்க மாதங்களில் உதவித்தொகையும் தருகிறது. ஆனாலும், படித்த தந்தை மொழி தெரியாமல் எளிய வேலையில் நிற்பதும், அலுவலகக் கடிதத்தைப் படிக்கப் பத்து வயது மகனைக் கூப்பிடுவதும் பல வீடுகளில் நடக்கின்றன. பிள்ளை வழிகாட்டி ஆகும்போது பெற்றோரின் இடம் அசைகிறது. வேற்று மாநிலத்திலும் வெளிநாட்டிலும் குடும்பம் நடத்தும் நம் பங்கு மக்கள் பலர் இதை அனுபவித்து அறிவார்கள்.

அங்கே முன்பே இருந்தவர்கள்

இந்த வரலாற்றை நாம் பாதியோடு நிறுத்தினால் உண்மைக்குத் துரோகம் செய்தவர்களாவோம். அந்த மண் வெற்று மண்ணாக இருக்கவில்லை. 1948 போரில் ஏறக்குறைய 7 இலட்சம் பாலஸ்தீனர் தங்கள் வீடுகளை இழந்தார்கள். அவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். கலிலேயாவில் இக்ரித் என்னும் கிரேக்க மெல்கித்தக் கத்தோலிக்கச் சிற்றூரின் மக்கள், 1948 நவம்பரில் 15 நாளில் திரும்பலாம் என்று சொல்லி வெளியேற்றப்பட்டார்கள். 1951இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் அதே ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாக் காலத்தில் இராணுவம் அவ்வூர் வீடுகளைத் தகர்த்தது. கோவில் மட்டும் நிற்கிறது. அவர்களின் சந்ததியினர் இன்றும் அங்கு வந்து செபிக்கிறார்கள். இறந்தோரை அங்கே அடக்கம் செய்கிறார்கள். அவர்களும் 'திரும்புதல்' என்ற சொல்லையே சொல்கிறார்கள். யூதக் குடியேற்றங்கள் சில, 1967இல் கைப்பற்றப்பட்ட மேற்குக் கரையில் எழுந்துள்ளன. இவை சர்வதேசச் சட்டத்திற்கு முரணானவை என்று 2024இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தது. இஸ்ரயேல் அதை ஏற்கவில்லை. 2023 அக்டோபர் 7 தாக்குதலும், அதைத் தொடர்ந்த காசா போரும் இரு பக்கத்து வீடுகளிலும் ஆறாத துயரத்தை விட்டுள்ளன.

திரு அவை இரு மக்களையும் ஒருசேர நோக்க முயல்கிறது. 1965இல் வத்திக்கான் சங்கம் 'நோஸ்த்ரா எத்தாத்தே' அறிக்கையில் யூதர்மீதான வெறுப்பைக் கண்டித்தது. திருப்பீடம் 1993இல் இஸ்ரயேலுடனும், 2015இல் பாலஸ்தீன நாட்டுடனும் ஒப்பந்தம் செய்துகொண்டது. 2000 மார்ச் 26 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எருசலேமின் மேற்குச் சுவர் முன் நின்று, யூதர் பட்ட துன்பங்களுக்காக மன்னிப்புக் கேட்கும் செபத்தை அதன் இடுக்கில் வைத்தார். அதே பயணத்தில் அவர் பாலஸ்தீன அகதிகள் முகாமுக்கும் சென்றார்.

நமக்கு என்ன?

திருச்சட்டம் நாட்டை வாக்களிப்பதோடு ஒரு கட்டளையையும் தருகிறது: நீங்களும் எகிப்தில் அந்நியராய் இருந்தீர்கள்; ஆகவே உங்களிடையே வாழும் அந்நியரை ஒடுக்காதீர்கள். நாட்டைப் பெறுவதைவிட இந்தக் கட்டளையைக் காப்பது கடினம். யூதருக்கு மட்டுமல்ல, நமக்கும் அப்படித்தான். நம் பங்கில் வேற்றூரிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் பாடகர் குழுவில் சேர எத்தனை ஆண்டு ஆகிறது? பங்குப் பேரவையில் அவர்களுக்கு இடமுண்டா? கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டால் நாம் என்ன பதில் சொல்கிறோம்? நெவாத்திமில் மண்வெட்டி பிடித்த கொச்சிக் குடும்பங்களும், இக்ரித்தின் கோவில் வாசலில் செபிப்பவர்களும் நம்மிடம் கேட்பது இதைத்தான்.

அன்று எருசலேமில் அழுதோரையும் ஆர்ப்பரித்தோரையும் மக்களால் பிரித்தறிய முடியவில்லை. ஆண்டவர் இரண்டையும் கேட்டார். இன்றும் அந்நாட்டிலிருந்து எழும் இரு குரல்களையும் கேட்கும் செவி நமக்கு வேண்டும். அடுத்த முறை திருப்பயணப் பாடல்களைப் பாடும்போது, வீடு சேர்ந்தோருக்காகவும் வீடு இழந்தோருக்காகவும் சேர்த்தே மன்றாடுவோம்.