மங்கிய சாயத்தின் மதிப்பு

பழைய பொருளைக் கண்டால் புதுச் சாயம் பூசிப் பளபளப்பாக்கவே நாம் விரும்புகிறோம். ஆனால் மங்கிய சாயத்தோடும் துருவோடும் கோடி கோடியாய் விலைபோன ஒரு காரும் உண்டு!

1960-களில் அமெரிக்க நிறுவனங்கள் சிறிய, நடுத்தரக் கார்களில் பெரிய எட்டு உருளை எஞ்சினைப் பொருத்தி விற்றன. இவற்றை ‘மசில் கார்’ என்பர். இவ்வரிசையில் வைத்துப் பேசப்படுவது 1968-ஆம் ஆண்டின் ஃபோர்டு மஸ்டாங். கரும்பச்சை நிறமுள்ள ஒரு மஸ்டாங்கை ‘புல்லிட்’ என்னும் திரைப்படத்தில் நடிகர் ஸ்டீவ் மக்வீன் ஓட்டினார்.

1974-இல் ஒரு குடும்பத்தார் அக்காரை 6,000 டாலருக்கு வாங்கினர். 1977-இல் மக்வீனே திருப்பிக் கேட்டும் அவர்கள் கொடுக்கவில்லை. அவ்வீட்டுத் தாய் ஓர் ஆசிரியை. அவர் பள்ளிக்குச் சென்று வந்ததும் அதில்தான்! பிற்காலத்தில் அதனை மீண்டும் ஓடச் செய்தபோதும் வெளித்தோற்றத்தைப் புதுப்பிக்கவில்லை. படப்பிடிப்புக் கருவியைத் தாங்குவதற்காக அடியில் பற்றவைத்த குழாய்களும் அப்படியே இருந்தன. அவையும், உடலில் பொறித்த எண்ணுமே அது உண்மையான கார் என்பதற்குச் சான்றாயின.

2020 ஜனவரியில் ஃபுளோரிடாவில் நடந்த ஏலத்தில் அது 34 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. படத்தின் புகழ் ஒரு காரணம். மாறாத தன்மை மற்றொரு காரணம்.

எஞ்சின் பழுதானால் சரிசெய்யலாம். பழைய சாயத்தைச் சுரண்டிவிட்டாலோ, அதன் வரலாறும் உடன் போய்விடும். ஆகவே தோழியரே, நம் வீட்டுப் பழம்பொருளைப் புதுப்பிக்குமுன் சற்றே சிந்திப்போமாக!